பின் இடது ஸ்பீக்கர்

ஆலாபனை கீழே இறங்கி, அப்படியே நின்றது.

அந்த இடம் வந்தால் அவர் கண்ணை மூடிக்கொள்வார். அவர் வாசித்த குழல், அவர் விட்ட மௌனம். வயலின்காரர்கூட வில்லைத் தொடவில்லை. தம்புரா மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். ஊரே மெச்சிய மௌனம்.

இந்த முறை அதற்குள் யாரோ பேசினார்கள்.

சோபாவுக்குப் பின்னால், இடது பக்கத்திலிருந்து. கிசுகிசுப்புதான். ஆனால் ஒரு எழுத்துகூடச் சிதறவில்லை.

"கெளம்பிட்டாருன்னு அத்தைகிட்டச் சொல்லு மயிலாத்தா. பாதி வழி வந்துட்டாருன்னு சொல்லு."

அவர் மனைவியின் குரல். பதினோரு வருடத்துக்கு முந்தைய அவளுடைய குரல்.

அவர் கண்ணைத் திறந்தார்.

தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்வதை அவள் நல்ல நாள் பார்த்துச் செய்திருந்தாள். அறுபதாம் கல்யாணத்துக்குக் கணவருக்கு என்ன கொடுப்பது என்று மண்டையை உடைத்துக்கொண்டு, கடைசியில் இந்தப் பிளேயரையும் ஐந்து ஸ்பீக்கர்களையும் வாங்கினாள். மாட்ட வந்தவர் பதினோரு வருடத்துக்கு முன்னால் பதிந்த அவருடைய கச்சேரி டிஸ்க்கை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துச் சிரித்தார்.

"இதுல ரெண்டு அடுக்கு இருக்குதுங்கம்மா. சாதா பிளேயர் ஒண்ணைத்தான் படிக்கும். இன்னொண்ணுல அஞ்சு ஸ்பீக்கருக்கும் தனித்தனியாப் பதிஞ்சிருக்காங்க. முன்னால மூணுலயும் மேடை, பின்னால ரெண்டுலயும் சபை. இத்தனை வருசமாப் பாதிக் கச்சேரிதானுங்க கேட்டிருக்கீங்க."

மீதிப் பாதியில் தான் இருப்போம் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

அன்றைக்கு அவள் உட்கார்ந்தது மூன்றாவது வரிசை, இடது ஓரம். தலைக்கு மேலே ஒரு மைக் தொங்கியது. கூட்டத்துக்கு எதற்கு மைக் என்று அன்றைக்கு யார் யோசித்தார்கள்? பதிவு செய்த வெள்ளைக்காரருக்குத் தமிழ் தெரியாது. அவருக்கு அது அரங்கின் முணுமுணுப்பு. நீக்காமல் விட்டுவிட்டார்.

மாமியார் பொள்ளாச்சி ஆஸ்பத்திரியில். கச்சேரி கோயம்புத்தூரில். காரில் ஏறினால் ஒரு மணி நேரம். மகன் எங்கே, மகன் எங்கே என்று கேட்கிறார் என்று ஃபோனில் சொன்னாள் துணைக்கு இருந்த மயிலாத்தாள். ஆனால் இப்படி ஒரு பதிவு இனி வாய்க்காது. கச்சேரி முடியும்வரை கணவரிடம் சொல்வதில்லை என்று அவள் அங்கேயே முடிவு செய்தாள். அந்த முடிவு தப்பாகவும் போகவில்லை. அவரை நாடு நாடாகக் கூட்டிப்போனது அந்த டிஸ்க்தான்.

மாமியார் வாசல் பக்கம் முகத்தைத் திருப்பியபடியே போய்ச் சேர்ந்தார்.

மங்களம் வாசித்து முடித்த பிறகுதான் ஃபோன் வந்தது என்று அவரிடம் சொன்னாள். அவர் அதற்கு மேல் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்றைக்கும் கேட்கவில்லை, அதற்குப் பிறகும் கேட்கவில்லை.

இப்போது ரிமோட்டை எடுத்தார். பின்னால் தள்ளி மறுபடி போட்டார். பிறகு எழுந்து போய் ஒயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். பின் இடது மட்டும் மிச்சம்.

"கெளம்பிட்டாருன்னு அத்தைகிட்டச் சொல்லு..."

அழுவார் என்று நினைத்தாள். கை ஓங்குவார் என்றுகூட நினைத்தாள். அவர் முகத்தில் இருந்தது நிம்மதி. வெகுநாள் தேடிய ஆள் அகப்பட்டுவிட்ட நிம்மதி.

"நாளைக்கு எல்லாரும் வர்றாங்கல்ல. போட்டுக் காட்டலாம்" என்றார்.

மறுநாள் சாயங்காலம் வீடு நிறைந்திருந்தது. மகள், சம்பந்தி வீட்டார், சபா செயலாளர், சிஷ்யர்கள். காலையில் போட்ட மாலைகள் மேசைமேல் வாடிக்கிடந்தன. ஒயர்களை அவரே மறுபடி மாட்டியிருந்தார். பின் இடது ஸ்பீக்கரை ஒட்டி ஒரு நாற்காலியைப் போட்டு, எல்லோர் முன்பும் அவளைக் கூப்பிட்டார்.

"வா, இங்க உக்காரு. உனக்குப் பழகின இடந்தானே."

பாசம் என்று நினைத்துச் சம்பந்தியம்மாள் சிரித்தாள்.

அவள் உட்கார்ந்தாள். குழல் தொடங்கியது.

அந்த மௌனம் நெருங்குவது தெரிந்து, செயலாளர் உதட்டில் விரல் வைத்து எல்லோரையும் அடக்கினார். எத்தனை பேட்டிகளில் அவள் கணவரிடம் கேட்டிருப்பார்கள், அந்த இடத்தில் நிறுத்த எப்படித் தோன்றியது என்று. தானாக வந்தது என்பார். சாமி கொடுத்தது என்பார்.

ஆலாபனை கீழே இறங்கியது. நின்றது.

அவர் வால்யூமை ஏற்றினார்.

அவள் குரல் வீடு முழுக்கக் கேட்டது. ஒவ்வொரு தலையாக அவள் பக்கம் திரும்பியது. அவருடைய அம்மா செத்தது அந்தக் கச்சேரி நாளில்தான் என்று எல்லோருக்கும் தெரியும். மகள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். ஏமாற்றப்பட்ட பிள்ளை எப்படிக் குனிய வேண்டுமோ, அப்படி.

அதுவரை அவளுக்குக் கூச்சமாகத்தான் இருந்தது. அந்தக் குனிவைப் பார்த்ததும் ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. டிஸ்க்கில் மௌனம் இன்னும் முடியவில்லை. தம்புரா ஓடிக்கொண்டிருந்தது.

உட்கார்ந்த இடத்திலிருந்தே கேட்டாள்.

"நான் ஃபோனை எடுத்ததைப் பார்த்துத்தானே குழலை நிறுத்துனீங்க?"

அவர் நிமிரவில்லை.

"மேடையில இருந்து என்னையவே பார்த்துட்டு இருந்தீங்களே. யாரு ஃபோன்லன்னு அப்பறம் ஒரு நாளாச்சும் கேட்டீங்களா?"

முன்பக்க ஸ்பீக்கர்களில் குழல் மறுபடி எடுத்தது. விட்ட இடத்திலிருந்தே, கொஞ்சமும் பிசகாமல்.