தவிட்டுக்கு வாங்கிய கேசி

பிள்ளை பெற்ற இடுப்பு ஆறுவதற்குள் ஜல்லிக் கூடை தூக்க வந்ததில், ராமாத்தாளுக்கு நிமிர்ந்தால் ஒரு வலி, குனிந்தால் ஒரு வலி.

இரண்டையும் பொறுத்துக்கொண்டு, பச்சைக் குழந்தையை முறத்தில் கிடத்தி, ரோட்டு வேலை பார்க்கும் துரையின் பூட்சுக்கு முன்னால் வைத்தாள்.

கொண்டப்பநாயக்கன்பட்டி மலையடிவாரத்தில் கல் உடைத்துக்கொண்டிருந்த சனமெல்லாம் சம்மட்டியைப் போட்டுவிட்டுக் கூடிவிட்டது. கஞ்சிக் கலயத்தோடு வந்த மாமியார் காளியாத்தாளும் கூட்டத்தில் நின்றாள்.

பிறக்கிற பிள்ளை தங்காத வீட்டில், அடுத்ததை வேறொருவருக்குத் தவிட்டுக்கு விற்றுவிடுவது வழக்கம். வாங்கினவர் பேர் வைப்பார். பெற்றவளே வளர்ப்பாள். எமன் தேடி வந்தால், இது வேறு வீட்டுப் பிள்ளை என்று திருப்பி அனுப்பிவிடலாம்.

ராமாத்தாளுக்கு முன்னே மூன்று தங்கவில்லை.

மேஸ்திரி கந்தப்பன் இதையெல்லாம் தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னான். பிள்ளை விலைக்கு வந்திருக்கிறது என்பது மட்டும் துரைக்கு விளங்கியது. பதறிப்போய் ஒரு ரூபாயை நீட்டினார்.

"ரூவாய்க்கு ஆகாதுங்க."

துரை ஐந்து நீட்டினார். கூட்டம் வாயைப் பிளந்தது. அவள் தலையாட்டவே, பத்தை எடுத்தார்.

"அட, வாங்கித் தொலையேன் புள்ள," என்றான் மேஸ்திரி.

"தவுட்டுக்குத்தானுங்க குடுப்பேன். காசு வாங்கினா நெசமாவே வித்ததா ஆயிருமுங்க."

துரையின் குதிரைக்காரன் குதிரையின் தீனித் தொட்டியிலிருந்து ஒரு படி தவிட்டை அள்ளி வந்து கொட்டினான். குதிரை பார்த்துக்கொண்டே நின்றது.

பேர் வைக்கச் சொன்னதும் துரைக்கு ஒன்றும் ஓடவில்லை. தன் பேரையே கொடுத்தார். கேசி.

அது அவருக்கென்று வைத்த பேர் இல்லையாம், வம்சப் பேராம். அயர்லாந்தில் பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து வருவதாம். அர்த்தம், கண்ணயராமல் காவல் இருப்பவன்.

மேஸ்திரி இதைச் சொல்லி முடிப்பதற்குள் கூட்டம் சிரித்துவிட்டது. மத்தியானச் சோற்றுக்குப் பின் புங்கமரத்தடியில், தொப்பியை மூஞ்சியில் கவிழ்த்துக்கொண்டு துரை விடும் குறட்டைக்குக் குரங்குகளே வேறு மரம் பார்த்துப் போயிருந்தன.

ராமாத்தாள் சிரிக்கவில்லை.

"பொம்பளைக்கும் ஆகுமான்னு கேளுங்க மேஸ்திரி."

அந்த வம்சத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் அதுவே பேர் என்றார் துரை.

அவள் குழந்தையை எடுத்து மாரோடு சேர்த்துக்கொண்டு, மாமியார் பக்கம் திரும்பினாள். சனமெல்லாம் கேட்கும்படி சொன்னாள்.

"கேட்டுக்கிட்டீங்களா அத்தை. இனி இவ துரை ஊட்டுப் பிள்ளை. நான் கல்லுக்கு வந்திருக்கப்ப இவளுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா, எமங்கிட்ட இல்லீங்க, உங்ககிட்டத்தான் துரை வந்து கேப்பாரு."

காளியாத்தாள் கலயத்தை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினாள்.

முன்னே போன மூன்றும் பெண்கள். மூன்றும், காளியாத்தாளிடம் விட்டுவிட்டு ராமாத்தாள் வேலைக்கு வந்த பகல்களில்தான் போயின.

குதிரைக்கு அன்று வெறும் புல்தான். தவிடு துரையுடையது அல்ல, குதிரையுடையது என்பது ராமாத்தாள் கட்சி. அந்தக் குதிரைக்கு அவள் ஒரு படி தவிடு இன்னும் பாக்கி.