நாற்பத்தோராவது சில்லு

“நீங்களே பார்த்துச் சொல்லுங்கப்பா. எனக்குத் தைரியம் இல்ல.” மிஹோ கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

ஆய்வுக்கூட மேசையில் விரல்நகம் அளவுக்கு ஒரு கண்ணாடிச் சில்லு கிடந்தது. அவளே உருக்கி வார்த்தது. லேசர் ஒளி சற்று முன்புதான் அதன்மேல் ஊர்ந்து முடித்திருந்தது. இதற்கு முன் நாற்பது சில்லுகள், நாற்பதும் தோல்வி. மூன்று மணிக்குள் தேறியது ஒன்றைக் காட்டாவிட்டால் மார்ச்சில் முனைவர் பட்டமும் இல்லை, ஏப்ரலில் வேலையும் இல்லை என்று பேராசிரியர் குரமோச்சி கறாராகச் சொல்லிவிட்டார்.

இப்போது மணி இரண்டே முக்கால்.

“கண்ணாடின்னா எங்கிட்ட விடு” என்றார் அப்பா யசுனோரி, அம்மா கொடுத்தனுப்பிய அரிசி உருண்டையின் கடைசி வாயை விழுங்கியபடி. லென்ஸ் தொழிற்சாலையில் முப்பத்தைந்து வருடமாகத் தரம் பார்ப்பவர். நாகஓகா நகரத்துப் பனியில் மகளைப் பார்க்க வரும்போதுகூட உருப்பெருக்கியும் சட்டைப்பையில் வந்துவிட்டது. “என் கண்ணுக்குத் தப்பி ஒரு லென்ஸ் வெளிய போனதில்ல. பொண்ணுன்னு சலுகையெல்லாம் கிடையாது.”

“சலுகை யாரு கேட்டா? உண்மையச் சொல்லுங்க, போதும்.”

“குமிழி இல்ல. ஓரம் சுத்தம். மெருகு பிரமாதம்! எங்க ஆலைப் பசங்களுக்கே இப்படி வராது.”

“சீக்கிரம்பா!”

அவர் சில்லைச் சன்னல் வெளிச்சத்தில் சாய்த்தார். “அடடா…” என்று இழுத்தார்.

“என்னாச்சுப்பா?”

“ஒண்ணுமில்ல. நீ சாப்பிட்டியா?”

“அப்பா!”

ஆயிரக்கணக்கான லென்ஸ்களைக் கொஞ்சமும் இரக்கமில்லாமல் உடைசல் தொட்டியில் எறிந்த மனுஷனுக்கு, இந்த ஒரு சில்லைக் கீழே வைக்க மனம் வரவில்லை.

“மன்னிச்சுக்கம்மா, எனக்குப் பொய் சொல்ல வராது. மேல படிகம் கட்டிடுச்சு. கண்ணாடிக்கு அதைவிடக் கேடு கிடையாது. எங்க ஆலையில இது நேரா தொட்டிக்குத்தான். பரவாயில்ல, இன்னொரு வருஷம் படி. நான் இருக்கேன்ல?”

மிஹோ கண்ணைத் திறந்தாள். “படிகம் எப்படி இருக்கு? திட்டுத் திட்டாவா?”

“இல்ல. முடி மாதிரி ஒரே கோடு. இந்த ஓரத்துலேர்ந்து அந்த ஓரம் வரைக்கும், ஒரு இடம்கூட விடாம பாழாயிருக்கு.”

பத்து வயதுக்குப் பிறகு முதல் முறையாக அவள் அப்பாவைப் பாய்ந்து கட்டிக்கொண்டாள்.

“அந்தக் கோட்டை வரவைக்கத்தான்பா மூணு வருஷமா கண்ணாடிய லேசரால சுட்டுக்கிட்டிருக்கேன்!”