கோட்டுக்குள் வெயில்

புது மேலாளர் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் நாளே கோட்டும் டையுமாகக் கடைக்குள் நுழைந்ததைப் பார்த்ததும், வெறும் வாயை மென்றுகொண்டிருந்தவனுக்கு அவல் கிடைத்த மாதிரி ஆனது மைனருக்கு.

வெளியே தார் ரோடு இளகிக்கொண்டிருந்தது. அந்த வெயிலில் கறுப்புக் கோட்.

மைனர் என்பது அந்த ஆண்கள் துணிக்கடையில் சக ஊழியர்கள் வைத்த பெயர். அங்கே அவன்தான் மூத்த விற்பனையாளன். வெளிர் நீல லினன் சட்டை, முழங்கை வரை அளவெடுத்தாற்போல் மடித்துவிட்ட கை, மணல் நிறத்தில் பேன்ட். ஊரே வேர்த்து ஒழுகினாலும் அவன் மட்டும் அப்போதுதான் குளித்துவிட்டு வந்தவன் போல இருப்பான்.

கோடையிலும் ஆண்பிள்ளை கம்பீரமாக உடுத்துவது எப்படி என்று அவன் வாடிக்கையாளர்களுக்குப் பாடமே எடுப்பான். துணி மூச்சுவிட வேண்டும். நிறம் கண்ணை உறுத்தக் கூடாது. கோட் போட்டே ஆகவேண்டும் என்றால் உள்ளே லைனிங் இல்லாததாகப் பார்த்து வாங்க வேண்டும். கேட்டவர்கள் ஒரு சட்டை வாங்க வந்து மூன்றோடு போவார்கள்.

மேலாளர் நாற்காலி தனக்குத்தான் என்று அவன் நம்பியிருந்தான். முதலாளி வெளியிலிருந்து ஆள் கொண்டுவந்துவிட்டார். அதுவும் எப்பேர்ப்பட்ட ஆள்!

மேலாளர் மறுநாளும் அதே கோட்டில் வந்தார். அதற்கு அடுத்த நாளும். அது போதாதென்று, உச்சிவெயில் நேரத்தில் குளிர்சாதனத்தை விட்டு வெளியே போய் வாசல் படியில் நெடுநேரம் நின்றார். திரும்பி வரும்போது தலைமுடியிலிருந்து வேர்வை சொட்டியது.

ரோட்டில் போகிறவர்களுக்குப் படம் காட்டுகிறார் என்றான் மைனர். ஆள் பாதி ஆடை பாதி என்பார்கள், இவர் விஷயத்தில் ஆடைதான் மிச்சம், ஆள் ஆவியாகிவிட்டார் என்றான். விற்பனைப் பையன்கள் சிரித்தார்கள். ஒரு வாடிக்கையாளரிடம் மேலாளரைக் கண்ணாலேயே காட்டி, "எப்படி உடுத்தக் கூடாதுன்னு தெரிஞ்சுக்கணுமா சார்? அங்க பாருங்க" என்றுகூடச் சொன்னான். மேலாளர் காதில் அது விழுந்தது. அவர் கோட் பட்டனைப் போட்டுக்கொண்டு வாசலுக்குப் போனார்.

கல்லாவில் இருந்த அக்கா மட்டும் சிரிக்கவில்லை. பில் ரோலை மாற்றிக்கொண்டே, "வாயை அடக்கு தம்பி" என்றாள்.

வார முடிவில் முதலாளி வந்தார். கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி இருந்தது மைனருக்கு.

அப்போதுதான் மேலாளர் வாசலிலிருந்து உள்ளே வந்திருந்தார். முகம் செக்கச்சிவந்து, கல்லா மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அக்கா அவசரமாகத் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். முதலாளி அவரை மேலும் கீழும் பார்த்து இலேசாகச் சிரித்தார்.

"என்ன சார், இன்னும் கழட்டலையா?"

முதலாளியே கேலி செய்கிறார். இதைவிட நல்ல நேரம் வாய்க்காது. மைனர் முன்னால் வந்தான்.

"தப்பா நினைக்காதீங்க முதலாளி. துணிக்கடை மேலாளரே இப்படி நின்னா, வர்றவங்க சிரிக்க மாட்டாங்களா?"

சொல்லிக்கொண்டே மேலாளரின் கோட் கையை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தான்.

"சுத்தமான பாலியெஸ்டர். பேருக்கு ஒரு இழை பருத்தி கிடையாது. உள்ள கெட்டி லைனிங். தோள் அளவு இவரோடதே இல்ல. இந்த வெயில்ல இதைப் போடுறதும், குக்கருக்குள்ள உட்கார்ந்து மூடியைப் பூட்டிக்கிறதும் ஒண்ணுதான். எதிரிக்குக்கூட நான் இதை விக்க மாட்டேன். இதைத் தேர்ந்தெடுத்த ஆளுக்குத் துணியைப் பத்தியும் தெரியல, மனுஷ உடம்பைப் பத்தியும் தெரியல."

முதலாளியின் சிரிப்பு நின்றுபோயிருந்தது.

மேலாளர் தண்ணீரைக் குடித்து முடித்தார்.

"நான் சொன்னப்ப நீங்க நம்பல சார். இப்ப துணி தெரிஞ்சவரே சொல்லிட்டார்."

முதலாளி யார் முகத்தையும் பார்க்கவில்லை. "சரி சரி. நாளையில இருந்து வெள்ளை அரைக்கைச் சட்டை போதும்னு சொல்லிடுங்க" என்று முணுமுணுத்துவிட்டு மாடியேறிப் போனார்.

மேலாளர் கோட்டைக் கழற்றிக் கையில் போட்டுக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தார். போகிற போக்கில் மைனரின் தோளைத் தட்டி, "ரொம்ப நன்றிங்க" என்றார். அதில் குத்தல் இல்லை. அதுதான் மைனருக்குப் புரியவில்லை.

"யாருக்குக்கா வெள்ளைச் சட்டை? என்ன நடக்குது இங்க?"

அக்கா மெதுவாகச் சொன்னாள். வந்த முதல் நாளே மேலாளர் முதலாளியிடம் கேட்டாராம், வாசலில் நிற்கிற வாட்ச்மேனுக்கு இந்தக் கோடையில் கோட் வேண்டாமே என்று. கடைக்கு அதுதான் களை, நானே பார்த்துத் தைக்கக் கொடுத்தது, கோட் போட்டு எவனும் செத்ததில்லை, சந்தேகம் என்றால் நீங்களே போட்டு நின்று பாருங்கள் என்றாராம் முதலாளி. அன்றைக்கே மேலாளர் வாட்ச்மேனின் மாற்றுக் கோட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டார். மதியம் அவரைச் சாப்பிட உள்ளே அனுப்பிவிட்டு, அவர் இடத்தில் இவர் நின்றார்.

மைனர் வாசல் பக்கம் திரும்பினான்.

"அது... வாட்ச்மேன் கோட்டா?"

"தினம் காலையில உனக்குக் கதவைத் திறந்து விட்டு வணக்கம் சொல்றாரே, அவர் போட்டிருக்கிறதும் அதே கோட்தான் தம்பி" என்றாள் அக்கா. "இத்தனை வருஷத்துல ஒரு நாளாவது அவரை நிமிர்ந்து பார்த்திருந்தா உனக்குத் தெரிஞ்சிருக்கும்."