மலைமேல் ஒரு மாமா

மீசைக்காரரை முதுகில் சுமந்தபடி ஓடையைக் கடந்தான் கைடு. மற்ற எட்டுப் பேரும் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, முழங்கால் தண்ணீரில் தாங்களே நடந்து வந்தார்கள்.

காரணம் இருந்தது. "நாளைக்கு உன் கூட்டத்துல எங்க வீட்டு ஆள் ஒருத்தர் வருவாங்க, உன் லட்சணத்தைப் பார்க்க. யாருன்னு சொன்னா என்னைக் கொன்னுடுவாங்க" என்று காதலி போனில் சொல்லியிருந்தாள். அந்த ஆள் தலையாட்டினால்தான் கல்யாணம். அவளை இழக்க அவன் தயாராக இல்லை.

பெண்ணைப் பெற்றவரைத் தவிர வேறு யார் வரப்போகிறார்? கூட்டத்தில் மாமனார் களை சொட்டியது அந்த மீசையில்தான்.

டூரிஸ்ட் பஸ் எட்டிப்பார்க்காத மலை அது. உச்சியில் ஒரு இடிந்த கோட்டை. அதற்கு ஆயிரத்துச் சொச்சம் படி. பத்துப் படிக்கு ஒருமுறை மீசைக்காரருக்குத் தொப்பியால் விசிறினான். காக்காய் பிடிப்பதற்கும் ஒரு அளவு உண்டு.

பின்னால் மூச்சு வாங்க ஏறிய குடைக்கார அம்மா சும்மா வரவில்லை. "ஏன் தம்பி, தினமும் மலைதானா? சாயங்காலம் நேரா வீட்டுக்குப் போயிடுவீங்களா?"

"ராஜா கதையைக் கேளுங்கம்மா. என் கதை எதுக்கு?" என்று சிடுசிடுத்தான்.

உச்சியில், அரசன் நீதி சொன்ன கல்லாசனம் இருந்தது. அந்த அம்மா "அப்பாடா" என்று அதில் உட்கார்ந்ததும் பதறி ஓடினான்.

"எழுந்திருங்க! எண்ணூறு வருஷப் பழசு. யாரும் உக்காரக்கூடாது."

அம்மா எழுந்துகொண்டார். கைடு கைக்குட்டையால் கல்லைத் துடைத்து, மீசைக்காரரை அதிலேயே அமர்த்தினான். "அந்த ராஜாவுக்கும் இதே மாதிரி மீசைதானாம்" என்று கூசாமல் அளந்தான்.

அதற்குமேல் அவனால் அடக்க முடியவில்லை. அவர் காலடியில் குந்தினான்.

"போதும் மாமா, நீங்க யாருன்னு எனக்குத் தெரியும். உங்க பொண்ணைக் கண்ணுக்குள்ள வச்சுக் காப்பாத்துவேன். சரின்னு ஒரு வார்த்தை சொல்லுங்க."

மீசைக்காரருக்குக் குடித்த தண்ணீர் புரையேறியது. "பொண்ணா? எனக்குக் கல்யாணமே ஆகலையேப்பா!"

கைடு திடுக்கிட்டு எழுந்தான். சுற்றி நின்ற முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தான்.

குடைக்கார அம்மா குடையை மடக்கிக்கொண்டு அருகில் வந்தார்.

"மாமா வீட்டுல இருக்கார் தம்பி. அத்தைதான் வந்திருக்கேன்."