டப்பாவில் மூன்று போன்

"கையும் களவுமா மாட்டினியா!"

அம்மா போட்ட சத்தத்தில் ஸ்டூல் ஆடியது. அதன் மேல் நின்றிருந்த சிட்டுவும் ஆடினாள். ஃபிரிட்ஜ் மேலிருந்த பிஸ்கட் டப்பா வாயைப் பிளந்து கிடந்தது.

அந்த டப்பாவுக்கு வீட்டுப் போன்களை அடைத்து வைக்கும் வேலை வந்து ஒரு மாதம். அதற்கு முன் சிட்டு போனே கதியென்று கிடந்தாள். அவள் போட்ட படத்தைத் தோழிகள் கண்டுகொள்ளவில்லையென்றால் அன்று சாப்பாடு இறங்காது. தொட்டதற்கெல்லாம் அழுகை.

"பிள்ளையை மட்டும் அடக்காதீங்க. சாயங்காலம் ரெண்டு மணி நேரம் வீட்ல யாருமே போனைத் தொடாதீங்க" என்றார் டாக்டர்.

அப்பா பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியார். ஆறு மணிக்கு விசிலே ஊதுவார். மூன்று போனும் டப்பாவுக்குள் போகும். எட்டு மணிக்கு அம்மா எடுத்துக் கொடுப்பாள். நடுவில் கேரம். சிட்டு மறுபடி வாய்விட்டுச் சிரிக்க ஆரம்பித்திருந்தாள்.

இன்று ஆட்டத்தின் நடுவே, "தண்ணி குடிச்சிட்டு வரேன்" என்று போனவளைத்தான் ஸ்டூல் மேல் பிடித்திருந்தாள் அம்மா. எல்லாம் வீணா?

"எத்தனை நாளா நடக்குது?"

"ஒரு வாரமா..."

குளியலறையிலிருந்து அப்பா ஓடி வந்தார். இந்த இரண்டு மணி நேரத்தில் மட்டும் அவர் நாலு முறை அங்கே போவார். கேட்டால், "தண்ணி நிறையக் குடிக்கிறேன்ல" என்பார்.

"உங்க பொண்ணு டப்பாவுல கை வைக்கிறா. லீவு முடியற வரைக்கும் இவளுக்குப் போனே கிடையாது. நீங்களே சொல்லுங்க!"

சட்டம் போட்டவர் தலையைச் சொறிந்தார். "விடும்மா, சின்னப் பிள்ளை. மொதல்ல டப்பாவை மூடு."

"நீங்களா பேசறது?"

அம்மா டப்பாவை இறக்கினாள். உள்ளே சிட்டுவின் போன் போட்டது போட்டபடி கிடந்தது. அம்மாவுடையதும் அப்படியே.

"அப்போ உன் கையில என்ன?"

சிட்டு தயங்கித் தயங்கி நீட்டினாள். அப்பாவின் நீல உறை போட்ட போன். வாலாகத் தொங்கியது சார்ஜர் வயர்.

அம்மா உறையைக் கழற்றினாள். போன வருஷம் கீழே விழுந்து மூலை உடைந்த பழைய போன்!

"அப்போ உங்க புதுப் போன் எங்கே?"

அப்பாவின் கால்சட்டைப் பை 'டிங்' என்றது.

அப்பா அசடு வழிந்தார். "இந்த ஓட்டைப் போன்ல கூட ஒரு வாரமா சார்ஜ் நிக்குதேன்னு நானே ஆச்சரியப்பட்டேன்..."

"நான்தாம்ப்பா ஏத்தினேன். எட்டு மணிக்கு அம்மா எடுக்கும்போது ஸ்கிரீன் எரியலைன்னா மாட்டிப்பீங்களே!"

"இவர் பண்ற திருட்டுத்தனத்துக்கு நீ காவலா? என்கிட்ட ஏண்டி சொல்லலை?"

சிட்டு ஸ்டூலை விட்டு இறங்கினாள்.

"சொன்னா நீ கோவத்துல டப்பாவையே தூக்கிப் போட்டுடுவே. அப்புறம் பழையபடி அப்பா ஹால்ல அவர் போனோட, நீ சமையல்கட்டுல உன் போனோட. என்கூட கேரம் ஆட யாரும்மா வருவா?"