படி இறங்காத கிளி

"கையை நீட்டாதீங்க சார். நீங்க பாட்டுக்கு நில்லுங்க. அதுவா வரட்டும்" என்றாள் ஷோபனா.

ஆனந்தராஜ் அசையாமல் நின்றான். நாற்காலியின் முதுகில் நீலா உட்கார்ந்திருந்தது. முதுகெல்லாம் நீலம், வயிறெல்லாம் மஞ்சள். எந்தத் தேசத்துக் காட்டிலோ பறந்திருக்க வேண்டிய மக்காவ் கிளி, செஞ்சி கடைத்தெருவில் ஒரு பாத்திரக் கடையின் மாடியில் தலையைச் சாய்த்து அவனை எடைபோட்டது. ஜன்னலுக்கு வெளியே ராஜகிரிக் கோட்டை பாதிப் பனியில் மிதந்துகொண்டிருந்தது.

கிளி ஓரடி எடுத்து வைத்தது. ஷோபனாவின் கையிலிருந்த சின்னப் பொத்தான் 'டிக்' என்றது.

"இப்ப குடுங்க!"

ஒரு பாதாம் பருப்பு கைமாறியது.

"நீங்க நாய்க்குத்தானே ட்ரெய்னிங் குடுக்கறவங்க?"

"நாயோ கிளியோ, ஒரே முறைதான் சார். சரியா செஞ்சா உடனே ஒரு வாய் கெடைக்கணும். செய்யலைன்னா திட்டக்கூடாது. கண்டுக்காம விட்டுடணும்."

காப்பி கொண்டுவந்த அம்மா ஆதிலட்சுமிக்கு இந்தத் தத்துவமெல்லாம் ஏறவில்லை. "இன்னா பாடம் வேணா நடத்துங்க. துணைக்கு இருக்கட்டுமேன்னு கொணாந்து வெச்சேன் பாரு, என்னைச் சொல்லணும்! மாடி பூரா எச்சம். காலைலேர்ந்து கத்திக்கினே கெடக்குது. மூணு வாரம் டைம். படியிறங்கிக் கடைக்கு வந்து பொட்டிப் பாம்பா குந்திக்கினு இருந்தா இருக்கட்டும். இல்லாட்டி கூண்டோட அனுப்பிடுவேன், ஆமா!"

அவலூர்பேட்டை ரோட்டில் ஆனந்தராஜை லாரி இடித்து ஒரு வருஷம் ஆகிறது. கால் எலும்பு கூடிவிட்டது. ஆனால் ஹாரன் சத்தம் கேட்டால் இன்றைக்கும் உள்ளங்கை வியர்க்கும். அதற்குப் பிறகு அவன் மாடியை விட்டு இறங்கவே இல்லை. டாக்டர், மாமன், மச்சான் எல்லோரும் சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோனார்கள். 'கீழே வா' என்று அவனிடம் சொல்லாத ஒரே ஜீவன் நீலாதான். அதையும் அனுப்பிவிட்டால்?

"படின்னா யாராவது முன்னால போவணும் சார்" என்றாள் ஷோபனா. "நம்பிக்கையான ஆளு கீழ நின்னாத்தான் மேல இருக்கறது இறங்கும்."

"எங்கம்மாவை நிக்கச் சொல்லுங்க மேடம்."

"அவங்க திட்டறவங்க. அவங்ககிட்ட வராது. ஒரே ஒரு படி இறங்கி நில்லுங்க, போதும்."

இறங்கினான். கைப்பிடியை விடவில்லை. நீலா வெகுநேரம் யோசித்தது. பிறகு தொப்பென்று குதித்து அவன் காலடிக்கு வந்தது. 'டிக்!'

"சபாஷ்!" என்று ஷோபனா கைதட்டினாள். அவளே ஒரு கடலை மிட்டாயை எடுத்து அவனிடமும் நீட்டினாள். வெட்கமாக இருந்தாலும் வாங்கித் தின்றான்.

மொத்தம் பதினெட்டுப் படி. சில நாள் இரண்டு படி நடந்தது, சில நாள் ஒன்றுமே நடக்கவில்லை. தெருவில் பஸ் அலறி அவன் மேலே ஓடிப்போன நாளில், ஷோபனா ஒரு வார்த்தை பேசாமல் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். மறுநாள் சிரித்த முகத்தோடு வந்தாள்.

மத்தியானத் தூக்கங்களில் அவனுக்கு ஒரே கனவு வந்தது. கோட்டை மலைகளுக்கு நடுவே நீலா மெதுவாக, அவசரமே இல்லாமல் பறக்கும். கீழே வயல் வரப்பில் அதன் நிழலை மிதித்தபடி அவன் நடந்துகொண்டிருப்பான். விழித்த பிறகும் பாதத்தில் ஈர மண் ஒட்டியிருப்பது போலவே இருக்கும். அந்தச் சுகத்துக்காகவே மறுபடி கண்ணை மூடிக்கொள்வான்.

மூன்றாவது வாரம் ஞாயிற்றுக்கிழமை. நீலா கடைசிப் படியும் இறங்கி, அடுக்கி வைத்திருந்த குடங்களுக்கு நடுவே நடந்து, கடை வாசலுக்கு வந்தது. ஆனந்தராஜுக்குப் பெருமை தாங்கவில்லை. அம்மாவைக் கூப்பிட வாயைத் திறந்தான்.

சடாரென்று சிறகு விரிந்தது. நீலா தெருவைத் தாண்டிப் பறந்து, எதிர் டீக்கடையின் தகரக் கூரையில் போய் உட்கார்ந்தது.

"ஐயோ நீலா!"

அவன் யோசிக்கவில்லை. பஸ் ஹாரன் அடித்தது, ஆட்டோக்காரர் ஏதோ கத்தினார். எதுவும் காதில் விழாமல் தெருவைக் கடந்து ஓடினான். கூரைக்கடியில் நின்று இரண்டு கையையும் உயர்த்தி, "வாடி கண்ணு, வந்துடு" என்று கெஞ்சினான். கண்ணில் நீர் முட்டியது.

நீலா இறங்கி வந்து அவன் மணிக்கட்டில் உட்கார்ந்தது.

"வந்துட்டாம்மா! இனிமே அனுப்ப மாட்டியே?" என்று அவன் தெருவே கேட்கும்படி கத்தினான். எதிர்ப்பக்கம் ஆதிலட்சுமி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள்.

தெருவைக் கடந்து வந்த ஷோபனா மெல்லச் சீழ்க்கையடித்தாள். நீலா அவன் கையை விட்டு எழும்பி அவள் தோளில் போய் உட்கார்ந்து, பழகிய இடத்தில் தலையைப் புதைப்பது போல அவள் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டது.

"மன்னிச்சுக்குங்க சார். ஆறு வருஷமா இது என் கிளி. நான் கண்ணைக் காட்டினா எந்தப் படியும் இறங்கும், எந்தக் கூரைக்கும் பறக்கும்" என்றாள் ஷோபனா. "உங்கம்மா எங்கிட்ட ட்ரெய்னிங்குக்கு விட்டது உங்களைத்தான்."