சாக்பீஸ் அந்தோனியார்

"இன்னைக்கு எத்தனை கொண்டாந்த?"

வேலை முடிந்து வந்த ரோச், காலைக்கூடக் கழுவாமல் பெண்டாட்டியிடம் கேட்ட முதல் கேள்வி இதுதான்.

பிளாரன்ஸ் தலையைக் குனிந்துகொண்டாள். பள்ளிக்கூடப் பையிலிருந்து இரண்டு சாக்பீஸை எடுத்து நீட்டினாள்.

"இவ்வளவுதானா? ஒளிச்சு வச்சிருக்கதையும் எடு."

முந்தானை முடிச்சை அவிழ்த்து இன்னொன்றையும் கொடுத்தாள்.

குசினி வாசலில் கருவாட்டை உதறிக்கொண்டிருந்த அமலோற்பவத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆறு மாசக் கர்ப்பிணி மகளைப் பார்க்க ஆலந்தலையிலிருந்து காலையில்தான் பஸ் ஏறி வந்திருந்தாள். வந்த இடத்தில் இந்தக் கூத்து.

மருமகனுக்குப் புதுத் துறைமுகத்தில் வேலை. கப்பலில் ஏறும் மூட்டைகளைச் சரிபார்க்க வேண்டும். குடி கிடையாது, சீட்டு கிடையாது என்றுதான் பெண்ணைக் கொடுத்தாள். சாக்பீஸில் குட்டிக் குட்டியாக உருவம் செதுக்குவான் என்று கல்யாணப் பேச்சிலேயே சொன்னார்கள். அதிலென்ன, யாருக்கு நட்டம் என்று விட்டுவிட்டாள். அதற்காக, டீச்சர் வேலை பார்க்கிறவளைப் பள்ளிக்கூடத்துச் சாக்பீஸைத் திருடிவரச் சொல்லுவான் என்று யார் கண்டது?

ரோச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்தான். பாதி பிளேடும் ஒரு தையல் ஊசியும்தான் அவன் ஆயுதம். சாக்பீஸைச் சீவ ஆரம்பித்தான். மடியெல்லாம் வெள்ளைத் தூள்.

அமலோற்பவம் மகளின் முகத்தைப் பார்த்தாள். வெளுத்துப்போயிருந்தது.

"ஏளா, டாக்டரம்மா என்ன சொன்னா?"

"ரத்தம் கொறச்சலா இருக்குன்னாவ."

"இருக்காதா பின்ன?" குரல் ஏறியது. "மாப்பிள, நான் சொல்லுதேன்னு கோவிக்கப்பிடாது. புள்ளத்தாச்சிக்கு ஈரல் வாங்கிக் குடுப்போம், ரெண்டு முருங்கக்கீர பறிச்சுக் குடுப்போம்னு இல்ல. உங்களுக்குப் பொம்ம பெருசாப் போச்சோ?"

ரோச் நிமிர்ந்து மனைவியைப் பார்த்தான். வேண்டாம் என்று அவள் கண்ணாலேயே கெஞ்சினாள்.

"தப்புதான் மாமி" என்று சொல்லிவிட்டு மறுபடி குனிந்துகொண்டான். கை மட்டும் நிற்கவில்லை.

வாய்க்கு வாய் பேசியிருந்தால்கூட அவளுக்கு இவ்வளவு கோபம் வந்திருக்காது.

"ஏளா, துணிய எடுத்து வையி! இப்பவே ஊருக்குப் போறோம்."

"நான் வரலம்மா."

"வராம? இங்கன கெடந்து இந்த வெள்ளப் பொம்மையளக் காவல் காக்கப் போறியா? ஆத்தாளும் புள்ளையும் முழுசாப் பொழச்சு வரணுமே, மாதாவே..."

அவளுக்கு இருப்பது ஒற்றை மகள்.

விறுவிறுவென்று சுவர் அலமாரிக்குப் போனாள். தூரத்திலிருந்து வெறும் வெள்ளைக் குச்சிகளாகத்தான் தெரிந்தன. அத்தனையையும் ஒரே வாரலாக வாரித் தெருவில் எறியக் கையை ஓங்கினாள்.

ஓங்கிய கை அப்படியே நின்றுவிட்டது.

மாதா நின்றாள். பக்கத்தில் சூசையப்பர். கையில் சிலுவையோடு சவேரியார், அம்பு தைத்த செபஸ்தியார், பாலனைத் தூக்கிய அந்தோனியார். விரல் உயரம்கூட இல்லை, ஆனால் கண்ணும் மூக்கும் அத்தனை லட்சணம். அலமாரி முழுக்கப் புனிதர்கள்.

அவள் கை தானாக நெற்றிக்குப் போய்ச் சிலுவை போட்டது. அந்தோனியாரைத் தொட்டு, விரலை உதட்டில் வைத்து முத்தி செய்தாள்.

பின்னால் பிளாரன்ஸ் சிரித்துவிட்டாள். சிரிக்கச் சிரிக்கக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

"ஒன்னால முடியலல்லா? எனக்கும் அப்பிடித்தாம்மா."

"என்னளா ஒளறுத?"

"அவியளத் திட்டாதம்மா. டீச்சரே சாக்பீஸத் திங்கான்னு தெரிஞ்சா வெக்கமில்லையா? ஒன்ட்ட சொல்லப்பிடாதுன்னு நாந்தான் சத்தியம் வாங்குனேன். மாசமானதுலருந்து அதக் கண்டாலே நாக்கு ஊறுது. புள்ளைக்கு ஆவாதுன்னு டாக்டரம்மா வஞ்சாவ. என்னால விட முடியல. அவிய பிடுங்கித் தெருவுல எறிஞ்சாவ, போய்ப் பொறுக்கிட்டு வந்தேன். மீன் செஞ்சு வச்சாவ, தின்னுட்டேன். தோணி செஞ்சு வச்சாவ, அதையும் தின்னுட்டேன்..."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அந்தோனியார எப்பிடிம்மா கடிக்க?"